மழைக்குக் கணக்குப் போட்ட கில்பர்ட் வாக்கர்

புனே நகரில் சிவாஜி நகர் பக்கம் ஒரு நாற்சந்தி இருக்கிறது. அந்த இடத்துக்கு 'சிம்லா ஆபீஸ்' என்று பெயர். அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் தினமும் அந்த வழியாகப் போய் வந்து கொண்டிருப்பார்கள்.

சிம்லா எங்கே, புனே எங்கே? இமயமலை ஊரின் பெயர் மராட்டிய மண்ணுக்கு எப்படி வந்தது?

அங்கே இருப்பது வானிலை இலாகாவின் கட்டிடம். ஒரு காலத்தில் அந்த இலாகாவின் தலைமை அலுவலகம் சிம்லாவில் இருந்தது. 1928-ம் ஆண்டு அது புனேக்கு வந்தது. ஆபீஸ் வந்தபோது பெயரும் கூடவே வந்து விட்டது.

சிம்லாவில் அந்த ஆபீஸ் இருந்த நாளில், 20 ஆண்டு காலம் அதன் தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர். வானிலை பற்றி ஒன்றுமே தெரியாமல் அந்த வேலைக்கு வந்தவர் அவர். ஆனால், இன்று உலகத்தில் எந்த மூலையில் வானிலை ஆராய்ச்சி நடந்தாலும், அங்கே அவர் பெயர் அடிபடுகிறது.

அவரைப் பற்றித் தமிழர்கள் அறிந்து கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. சென்னையில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ஓர் இளைஞருக்கு, அவர் செய்த உதவி பெரியது. அதைப் பிறகு பார்ப்போம்.

கணக்குப் புலி

வாக்கர் 1868-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் பிறந்தார். தந்தை என்ஜினீயர். பிள்ளைகள் அதிகம் உள்ள குடும்பம்.

சிறு வயதிலேயே கணக்கில் புலியாக இருந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1889-ல் நடந்த கணிதப் பரீட்சையில் முதல் ஆளாகத் தேறினார். அந்த நாளில் அது சாமான்யமான கவுரவம் அல்ல.

ஆனால் அளவுக்கு மீறி உழைத்ததால் உடம்பு கெட்டது. சில காலம் சுவிட்சர்லாந்து போய் ஓய்வு எடுக்க வேண்டி வந்தது.

அவருக்கு ஒரு வினோதமான பொழுதுபோக்கு இருந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் வேட்டைக்குப் பயன்படுத்தும் 'பூமராங்' என்ற வளைதடியை எறிவது. எறிந்தால் வட்டமடித்து, எறிந்தவரிடமே திரும்பி வரும். அது ஏன் திரும்புகிறது என்று கணக்குப் போட்டு எழுதினார். நண்பர்கள் அவருக்கு 'பூமராங் வாக்கர்' என்றே பட்டம் சூட்டி விட்டார்கள்.

புல்லாங்குழல் மீதும் மோகம். அதன் அமைப்பில்கூட சில திருத்தங்கள் செய்தார். எதைப் பார்த்தாலும், இது ஏன் இப்படி என்று கேட்பது அவருடைய சுபாவம்.

பொய்த்த மழை

வாக்கர் இந்தியாவுக்கு வந்த கதையைச் சொல்வதற்கு முன்பு, இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

1876-ல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். மழை பொய்த்தது. லட்சக்கணக்கான மக்கள் பசியால் மாண்டார்கள். இந்திய வானிலை இலாகா அப்போதுதான் பிறந்திருந்தது. 1875-ம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட அந்த இலாகாவுக்கு பிளான்போர்டு என்பவர் தலைவர்.

மழை வருமா, வராதா என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாதா என்று சர்க்கார் கேட்டது.

பிளான்போர்டு ஒரு யோசனை சொன்னார். இமயமலையில் பனி அதிகம் விழுந்த ஆண்டுகளில், பருவமழை குறைகிறது என்றார். இதை வைத்து, 1886-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, பருவமழை பற்றிய முதல் முறையான முன்னறிவிப்பு வெளியாயிற்று.

அவருக்குப் பின் வந்தவர் ஜான் எலியட். அவர் பனியோடு நிற்காமல் இன்னும் பல விஷயங்களைச் சேர்த்தார். அறிக்கைகள் நீளமாக வந்தன. ஆனால் 1899-ல் எல்லாம் தலைகீழாயிற்று. நல்ல மழையை எதிர்பார்த்திருந்த நாட்டில், வழக்கமான மழையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து விட்டது. குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் கொடும் பஞ்சம் தலை விரித்து ஆடியது.

பத்திரிகைகள் இலாகாவைப் பிய்த்து எடுத்தன. 1902 முதல் 1905 வரை, முன்னறிவிப்பு ரகசியமாக அதிகாரிகளுக்கு மட்டும் அனுப்பப்பட்டது. ஊருக்குச் சொல்லவே இலாகா பயந்தது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

எலியட் ஓய்வு பெறும் நேரம் வந்தது. இனி இந்த வேலைக்கு வானத்தைப் பார்க்கிறவரை விட, கணக்குத் தெரிந்தவர்தான் தேவை என்ற எண்ணம் ஏற்பட்டது. கேம்பிரிட்ஜில் இருந்த வாக்கரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1903-ல் அவர் இந்தியா வந்தார். 1904-ம் ஆண்டு தொடக்கத்தில் பொறுப்பு ஏற்றார். அப்போது அவருக்கு வயது 35.

குமாஸ்தாக்களின் உழைப்பு

புதிதாக வந்தவர் முதலில் ஒன்றைத் தீர்மானித்தார். பருவமழை ஏன் பெய்கிறது என்று கொள்கை பேசுவதை ஒத்தி வைப்போம். உலகத்தில் எங்கெங்கே என்னென்ன அளவு எடுத்து வைத்திருக்கிறார்களோ, அத்தனையையும் வாங்குவோம். எது எதோடு சேர்ந்து ஏறுகிறது, எது எதோடு சேர்ந்து இறங்குகிறது என்று பார்ப்போம். இதுதான் அவர் திட்டம்.

மொரீஷியஸ் தீவின் காற்றழுத்தம், தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், ஆப்பிரிக்கக் கரையில் உள்ள சான்சிபார் தீவின் மழை, இமயமலைப் பனி என்று எண்கள் வந்து குவிந்தன.

இரண்டு விஷயங்களுக்கு இடையே எவ்வளவு உறவு இருக்கிறது என்பதை ஒரே எண்ணால் சொல்லும் முறை ஒன்று, அப்போது கணிதத்தில் புதிதாக வந்திருந்தது. இரண்டும் அச்சாகச் சேர்ந்தே ஏறி இறங்கினால் அந்த எண் 1. ஒன்று ஏறும்போது மற்றது அதே கணக்கில் இறங்கினால் அது மைனஸ் 1. உறவே இல்லாவிட்டால் பூஜ்யம்.

சொல்வது சுலபம். செய்வது கடினம். அது கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஒவ்வொரு எண்ணையும் கையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்த வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தவர்கள், ஆபீசில் இருந்த இந்தியக் குமாஸ்தாக்கள். அவர்கள் பேனாவால் போட்ட கணக்கின் மீதுதான், பின்னால் வந்த பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் நிற்கின்றன.

1909 முதல் கணிதச் சூத்திரத்தின் மூலம் பருவமழையை முன்னறிவிக்கும் முறை இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது.

காக்கையும் பனம்பழமும்

இங்கேதான் வாக்கரின் பெருமை தெரிகிறது. தன் கணக்கைத் தானே சந்தேகித்தவர் அவர்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம்மில் ஒரு பழமொழி உண்டு. பழம் விழுந்ததற்கும் காக்கைக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. அவ்வளவுதான்.

எண்களிலும் இந்தக் காக்கைகள் உண்டு. ஆயிரம் பேரை நிறுத்தி, ஆளுக்குப் பத்துத் தடவை காசைச் சுண்டச் சொல்லுங்கள். அவர்களில் யாராவது ஒருவருக்குப் பத்துத் தடவையும் தலையே விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அவர் மந்திரவாதி அல்ல. ஆயிரம் பேர் சுண்டினார்கள் என்பதை மறைத்து, அந்த ஒருவரை மட்டும் மேடையில் ஏற்றினால், ஊரே நம்பி விடும்!

மழையோடு நூறு விஷயங்களை ஒப்பிட்டுப் பார்த்தால், அவற்றில் ஒன்றிரண்டு தற்செயலாகவே நன்றாகப் பொருந்தி வரும். ஆகவே, கிடைத்ததில் சிறந்ததை எடுத்துக் காட்டினால் போதாது. எத்தனை பார்த்து இதை எடுத்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அத்தனை பார்த்தால் தற்செயலாகவே எவ்வளவு பெரிய எண் கிடைக்கும் என்று கணக்கிட வேண்டும். அதையும் தாண்டி நின்றால்தான் அது உண்மையான உறவு. இந்தச் சோதனையை வாக்கர் 1914-ல் எழுதி வெளியிட்டார்.

அந்தச் சோதனையில் பலருடைய ஆசைகள் தவிடுபொடி ஆயின. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள்தான் மழையை ஆட்டி வைக்கின்றன என்று அந்நாளில் பெரிய விஞ்ஞானிகளே நம்பினார்கள். வாக்கர் உலகத்தின் பல இடங்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். உறவு மிக அற்பமாகவே இருந்தது. அதை அப்படியே சொன்னார்.

காட்டை வெட்டியதாலா?

இன்னொரு வழக்கும் அவர் முன் வந்தது. 1890-களின் கடைசியில் இருந்து, வடமேற்கு இந்தியாவில் மழை குறைந்து கொண்டே வந்தது. நாட்டின் சீதோஷ்ணம் நிரந்தரமாக மாறி விட்டது, காடுகளை வெட்டியதுதான் காரணம் என்று ஒரு சாரார் சொன்னார்கள்.

வாக்கர் பழைய மழைப் பதிவுகளைப் புரட்டினார். 1910-ல் அறிக்கை கொடுத்தார். பருவமழை சில ஆண்டுகள் தொடர்ந்து பலவீனமாக இருந்தது உண்மை. ஆனால் சீதோஷ்ணம் நிரந்தரமாக மாறி விட்டது என்று சொல்ல, கையில் உள்ள பதிவுகளில் ஆதாரம் இல்லை என்பது அவர் தீர்ப்பு.

இதைச் சரியாகப் புரிந்து கொள்ள வேண்டும். சீதோஷ்ணம் மாறவே மாறாது என்று அவர் சொல்லவில்லை. அன்று கையில் இருந்த பதிவுகளுக்கு அவர் அளித்த தீர்ப்பு அது.

இன்று பதிவுகள் வேறு. நூறு ஆண்டுகளுக்கு மேல், தரையிலும் கடலிலும் அளந்த வெப்பம் நம்மிடம் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் பின் பாதியோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையிலான பத்து ஆண்டுகளில் பூமியின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்து விட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் சேரும் கரியமில வாயு இதற்கு முக்கிய காரணம். அந்த வாயு வெப்பத்தை எப்படிப் பிடித்து வைக்கிறது என்பதும் சோதனைச்சாலையில் அளந்து அறிந்த விஷயம்.

ஆகவே, வாக்கர் 1910-ல் மாற்றம் இல்லை என்றாரே என்று இன்று ஒருவர் வாதாடினால், அவர் வாக்கரின் பெயரைச் சொல்லி வாக்கரின் முறையைக் கைவிடுகிறார். அதேபோல், ஒரே ஒரு வெள்ளத்தைக் காட்டி எல்லாம் முடிந்தது என்று சொல்பவரும், ஒரே ஒரு குளிரைக் காட்டி எல்லாம் பொய் என்று சொல்பவரும், காக்கையையும் பனம்பழத்தையும் முடிச்சுப் போடுகிறவர்கள்தான்.

சென்னைக் குமாஸ்தா

1913-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் வாக்கர் சென்னைக்கு வந்தார். துறைமுகக் கழகத்துக்குப் போனார். அதன் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தாவின் கணக்கு நோட்டுகளை எடுத்துக் காட்டினார்.

அந்தக் குமாஸ்தாவின் பெயர் ராமானுஜன்! கும்பகோணத்தில் வளர்ந்தவர். கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர். பட்டம் இல்லை. மாதச் சம்பளம் 30 ரூபாய்.

கேம்பிரிட்ஜில் முதல் மாணவராகத் தேறியவர் வாக்கர். அவர் நோட்டுகளைப் பார்த்தார். இது தனக்குப் பழக்கமான கணிதப் பிரிவு அல்ல என்று தெரிந்து கொண்டார். ஆனாலும், எழுதியவர் அசாதாரணமானவர் என்பதும் அவருக்கு விளங்கியது. பட்டம் எங்கே என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 26-ந் தேதி, சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாமல் சில ஆண்டுகள் கணிதத்திலேயே முழு நேரமும் ஈடுபட, இந்த இளைஞருக்குப் பல்கலைக்கழகம் வழி செய்ய வேண்டும் என்று கேட்டுக் கொண்டார்.

கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டியின் ஆதரவும் அதே சமயத்தில் கிடைத்தது. பட்டம் பெறாத ராமானுஜனுக்கு, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுக்கப் பல்கலைக்கழகம் சம்மதித்தது. 1913 மே மாதம் முதல் அது கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பிறகு நடந்தது உலகம் அறிந்த கதை.

ஆளைப் பார்க்காமல் சரக்கைப் பார்ப்பது வாக்கரின் குணம். மழைக் கணக்கிலும் அப்படித்தான். மனிதர் விஷயத்திலும் அப்படித்தான்.

தராசுத் தட்டுகள்

வாக்கர் தேடியது இந்தியாவின் மழையை. கிடைத்தது வேறு ஒரு பெரிய பொருள்.

பசிபிக் கடல் பகுதியில் காற்றழுத்தம் கூடும்போது, இந்தியப் பெருங்கடல் பகுதியில் குறைகிறது. அங்கே குறையும்போது, இங்கே கூடுகிறது. பல ஆயிரம் மைல் தூரத்தில் இருக்கும் இரண்டு கடல்கள், ஒரே தராசின் இரண்டு தட்டுகள் போல ஏறி இறங்குகின்றன.

இதன் சாயலை அவருக்கு முன்பே சிலர் பார்த்திருந்தார்கள். இந்தியாவில் வறட்சி வரும்போது ஆஸ்திரேலியாவிலும் வறட்சி வருகிறது என்று, அடிலெய்டில் இருந்த சார்லஸ் டாட் 1888-லேயே கவனித்தார். வாக்கர் அதைக் கணக்கில் நிறுத்திக் காட்டினார். அதற்குத் 'தென் ஊசலாட்டம்' என்ற பொருளில் பெயரும் வைத்தார்.

1924-ல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு 'சர்' பட்டம் கிடைத்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராகி, 1934 வரை வேலை பார்த்தார்.

ஏற்காத விஞ்ஞானிகள்

வாக்கர் சொன்னதை எல்லோரும் தலையாட்டி ஏற்றுக் கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எதிர்ப்பு பலமாக இருந்தது. அதில் நியாயமும் இருந்தது.

பசிபிக்கில் நடப்பதற்கும் இந்தியாவில் நடப்பதற்கும் உறவு இருக்கிறது, சரி. எப்படி? எந்தக் கயிறு இரண்டையும் கட்டி வைத்திருக்கிறது? இதுதான் கேள்வி. வாக்கரிடம் பதில் இல்லை. கடல் நீரின் வெப்பத்தையும், மேல் வானத்துக் காற்றையும் காட்டும் பதிவுகள் அவருக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை. காரணம் தெரியாத உறவை விஞ்ஞானம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள்.

இரண்டாவது அடி இன்னும் பலமானது. அவர் கண்டுபிடித்த உறவுகளில் சில, ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்தன. முன்னறிவிப்பில் எதிர்பார்த்த பலன் இல்லை.

மூன்றாவது கருத்து, அவருடைய நாற்காலியில் பின்னால் உட்கார்ந்த சார்லஸ் நார்மண்டு சொன்னது. 1953-ல் அவர் ஒன்றைச் சுட்டிக் காட்டினார். தென் ஊசலாட்டத்தை வைத்து இந்திய மழையை முன்கூட்டிச் சொல்வது கடினமாக இருக்கிறது. ஆனால், இந்திய மழையைப் பார்த்து, பிறகு உலகின் மற்ற பகுதிகளில் வரப் போவதைச் சொல்ல முடிகிறது. வாக்கர் எதைத் தேடினாரோ, அதற்கு நேர் எதிரான பலன் கிடைத்திருக்கிறது என்பது இதன் பொருள்.

நார்மண்டு வாக்கரைத் தூற்றவில்லை. வாக்கரின் எண்களைக் கொண்டே இதைச் சொன்னார். அதற்குப் பெயர்தான் விஞ்ஞானச் சண்டை. கோபம் தேவையில்லை. கணக்கு நோட்டு போதும்.

இறந்த பின் கிடைத்த விடை

சர் கில்பர்ட் வாக்கர் 1958-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி காலமானார். வயது 90. அவருடைய பெரிய கேள்விக்கு அப்போதும் விடை கிடைக்கவில்லை.

விடை தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையில் காத்துக் கொண்டிருந்தது. அங்கே சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் நீர் வழக்கத்தை விடச் சூடாகும். மீன் கிடைக்காது. குழந்தை ஏசுவை நினைத்து, மீனவர்கள் அதற்கு 'எல் நினோ' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

1957, 58-ல் உலக நாடுகள் சேர்ந்து பூமியை அளக்கும் ஆண்டு ஒன்றை நடத்தின. அப்போது பலமான எல் நினோ வந்தது. அந்தப் பதிவுகளை அமெரிக்காவில் இருந்த யாக்கோப் பியர்க்னஸ் ஆராய்ந்தார். கடல் சூடாகும் பகுதியை ஒட்டி மேலே எழும் காற்று இடம் மாறுகிறது. அதனால் காற்றழுத்தம் மாறுகிறது. காற்றழுத்தம் மாறினால் கடல் மேல் வீசும் காற்று மாறுகிறது. அது மறுபடியும் கடலின் வெப்பத்தை மாற்றுகிறது. மீனவர்களின் எல் நினோவும், வாக்கரின் ஊசலாட்டமும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள்!

கிழக்கும் மேற்குமாகப் பசிபிக் மேல் சுற்றி வரும் அந்தப் பெரிய காற்றோட்டத்துக்கு, 1969-ல் பியர்க்னஸ் 'வாக்கர் சுழற்சி' என்று பெயர் சூட்டினார். கடலையும் காற்றையும் கட்டி வைத்திருந்த கயிறு அகப்பட்டு விட்டது.

முடியாத வழக்கு

அதோடு வழக்கு முடிந்ததா? இல்லை. 1972, 1982, 1987, 2009 ஆகிய ஆண்டுகளில் எல் நினோ வந்தது. பருவமழையும் குறைந்தது. ஆனால் 1997-ல் மிகப் பெரிய எல் நினோ வந்தபோது, இந்தியாவில் மழை வழக்கம் போலப் பெய்து எல்லோரையும் திகைக்க வைத்தது. பழைய உறவு தளர்கிறதா என்று 1999-ல் விஞ்ஞானிகள் கேள்வி எழுப்பினார்கள். அதை மறுத்தவர்களும் உண்டு.

2002-ல் வழக்கமான மழை இருக்கும் என்று அறிவித்தார்கள். வந்ததோ சராசரியில் சுமார் 81 சதவீதம். உடனே பழைய முறையை ஆராய்ந்து, 2003-ல் புதிய முறைக்கு மாறினார்கள். தவறை மறைக்காமல் திருத்துவது வாக்கர் காலத்து வழக்கம்தான்.

நம் தமிழ்நாட்டுக் கணக்கு தனி. எல் நினோ தென்மேற்குப் பருவமழையைக் கெடுத்தால், கர்நாடகத்து மலைகளில் மழை குறைந்து, காவிரியில் தண்ணீர் குறையும். ஆனால், அதே எல் நினோ நம் வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் கை கொடுக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது, பலமான எல் நினோ ஆண்டில்தான்.

மழை பொய்த்து, பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ! அவர்களுக்கு மழை என்பது வெறும் எண் அல்ல. அது அடுப்பு எரிவதும் எரியாததும். அதனால்தான் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள், அளந்து பேச வேண்டும். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்ல வேண்டும்.

வாக்கர் இந்தியாவின் மழையை முன்கூட்டிச் சொல்ல வந்தார். அதில் அவர் முழு வெற்றி பெறவில்லை. ஆனால் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பிரித்துப் பார்க்கும் சல்லடை ஒன்றைச் செய்து வைத்து விட்டுப் போனார். அந்தச் சல்லடை இன்றும் பயன்படுகிறது.

அடுத்த முறை சிம்லா ஆபீஸ் நாற்சந்தியைக் கடந்து போகிறவர்கள், அந்தக் கட்டிடத்தை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். கூட்டலும் பெருக்கலுமாகக் காலத்தைக் கழித்த பெயர் தெரியாத குமாஸ்தாக்களும், அவர்களுடைய தலைவரும் நினைவுக்கு வரட்டும்.